விலை பேசாத இடம்

ஒக்டோபர் 12, ஞாயிறு

காலையில் கொழும்பு வண்டியில் பதுளை வந்து இறங்கியது. மழை. தெமோதரையிலிருந்தே ஜன்னலை மூடிக்கொண்டுதான் வந்தோம். தீபாவளிச் சரக்கில் ஒரு மூட்டை நனைந்துவிட்டது. எல்லாம் கைத்தறி. நைலெக்ஸ் சேலை கேட்டு வருகிறவர்களுக்கு என்ன சொல்வது?

நேற்று மத்தியானத்தோடு வாங்கல் முடிந்தது. பிறகு வழக்கம்போல நானும் ஹனிபா நாநாவும் மியூசியம். அவருக்கு ஆணி, தகரம், பூட்டு, எனக்குத் துணி, பதுளையில் இரண்டு கடையும் அடுத்தடுத்து. சரக்கெடுக்கப் போகும்போதெல்லாம் பின்னேரம் அங்கேதான். வீட்டில் இருவருமே சொல்வதில்லை. பில் முடிக்க நேரமாச்சு என்போம், அவ்வளவுதான்.

எங்கள் விதி: வாசல் தாண்டினால் விலை பேசக்கூடாது. பேசினவர் டீ வாங்க வேண்டும். எப்போதும் தோற்பது நாநாதான். நேற்றும் ஒரு பழைய வாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தப் பிடியில உள்ள வெள்ளி மட்டும் எவ்வளவு போகும்?" டீ, வடை இரண்டும் அவர் கணக்கு. நான் இதுவரை டீ வாங்கியதில்லை. நாள் முழுக்க விலைதான் பேசுகிறேன். தூக்கத்திலும் பேசுகிறேனாம், பாக்கியம் சொல்கிறாள். அங்கே போனால் வாய்க்கு ஓய்வு. மூக்கு உடைந்த சிலை, எவனோ குடித்த மண் கிண்ணம். எதையும் யார் தலையிலும் கட்ட வேண்டியதில்லை.

பக்கத்து மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி. மாதக் கடைசி வரை. பூ, கடல், கோயில், வண்டிமாடு. கடைசிச் சுவரில் ஒரு படம். தேயிலைக் கொழுந்தெடுக்கிற பெண், முதுகைக் காட்டியபடி. கூடையை இறக்கிவிட்டு மண்மேட்டில் சாய்ந்திருக்கிறாள். தலைத்துணி நழுவி, உச்சியில் கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி முடி போன ஒரு கோடு.

அம்மாவுக்கு அந்தக் கோடு இருந்தது. நமுனுகுலத் தோட்டத்து லய அறையில் எண்ணெய் தேய்க்கும்போது மட்டும் தெரியும். வெளியே என்றால் முந்தானை. போட்டோ ஒன்றும் கிடையாது. மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். வரைந்தவன் எந்த மலையில் நின்று பார்த்தானோ.

அழுதுவிட்டேன். நாலு பேர் பார்க்க. நாநா தன் லேஞ்சியை நீட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது ரயிலில் அம்மாவைப் பற்றி எல்லாம் சொன்னேன். பாக்கியத்திடம்கூட இவ்வளவு சொன்னதில்லை. லேஞ்சி என் பையிலேயே வந்துவிட்டது. துவைத்துக் கொடுக்க வேண்டும்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

வெயில். நனைந்த மூட்டையில் மூன்று சேலைதான் சாயம் விட்டிருக்கிறது. தப்பித்தேன்.

கடைக்கு வந்த தோட்டத்து ஆட்கள் இருவர் பேச்சு. "தோட்டத்தயெல்லாம் கவுமேந்து எடுக்கப் போகுதாம். தொரை பெட்டி கட்டுறாராம்." "யாரு எடுத்தா என்னா, காலையில பேரு குடுக்கப் பெரட்டுல நாமதானே நிக்கணும்."

படத்தின் ஞாபகமாகவே இருக்கிறது. கண்காட்சி முடிவதற்குள் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். நாநாவிடம் சொன்னேன். "போவமே தம்பி. இருவத்தஞ்சு, சனிக்கிழம?" சரி.

செய்ய: கதவுக்கு எண்ணெய். புது அளவுகோல். லேஞ்சி.

ஒக்டோபர் 19, ஞாயிறு

பண்டாரவளையில் நாநாவின் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம். சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது. வட்டிலாப்பம் இரண்டு தடவை. பதுளைக் கடைக்காரர்கள் எல்லாம் ஒரே மேசை. நாநா மட்டும் மாப்பிள்ளை வீட்டாரோடு அந்தப் பக்கம்.

பலசரக்குக் கடை சுல்தான்தான் ஆரம்பித்தார்.

"முதலாளி, ஏதோ படத்தப் பாத்து அழுதீங்களாமே?"

நான் வட்டிலாப்பத்தை வழித்தேன்.

"ஹனிபா நாநா சொன்னாரு. மனிசன் ஏன் அழுவுறாருன்னு கிட்டப் போய்ப் பாத்தாராம். கீழ வெல எழுதியிருந்திச்சாம்."

மேசையே அதிர்ந்தது. "ஒரு முழம் துணி கூடப் போனாலே அவருக்குக் கண்ணு கலங்குமே" என்றார் இன்னொருவர். சுல்தான் எழுந்து என்னைப் போலவே செய்து காட்டினார். கையைப் பின்னால் கட்டி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, மூக்கை உறிஞ்சி. படத்துக்கு முன்னால் நான் அப்படித்தான் நிற்பேன். சுல்தான் மியூசியப் பக்கமே போனதில்லை. நாநா செய்து காட்டாமல் எப்படித் தெரியும்?

நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் பெரிதாகும். பகிடி நல்ல பகிடிதான், அதையும் எழுத வேண்டும். வேறு ஒருவனைப் பற்றியதென்றால் நானே பத்து இடத்தில் சொல்லியிருப்பேன்.

அந்தப் படத்தில் விலை எழுதியிருந்ததா என்றே எனக்குத் தெரியாது.

ஒக்டோபர் 20, திங்கள்

பனி. கடை திறக்குமுன் நாநாவிடம் போனேன். இஸ்திரி போட்ட லேஞ்சியை மேசையில் வைத்தேன்.

"ஏன் நாநா அப்பிடிச் சொன்னீங்க?"

"என்னத்த?"

"வெலயப் பாத்து அழுதேன்னு."

அவர் முகம் மாறியது. பிறகு ஒரு சிரிப்பு. "சும்மா ஒரு பகிடிக்குத் தம்பி. நாலு பேரு இருந்தாங்க, கதையோட கதையா வந்திச்சு."

"அழுதேன்னு சொல்லியிருந்தாக்கூட பரவாயில்ல. எதுக்கு அழுதேன்னு ஒங்களுக்குத் தெரியும். ரயில்ல சொன்னேனே."

"அதச் சொன்னா அவனுகளுக்கு எங்க வெளங்கும்? வெலன்னா வெளங்கும்."

நாநா லேஞ்சியை மடிப்புக் கலையாமல் பையில் போட்டுக்கொண்டு, "சனிக்கிழம போறம்தானே?" என்றார். கடையில் வேலை, போகவில்லை என்றேன்.

பகல் முழுக்க ஆள் வந்து போனார்கள். நல்ல வியாபாரம். மனது மட்டும் அங்கேயே. எவனோ ஒருவன் சொல்லியிருந்தால் வலிக்காது. லேஞ்சி கொடுத்த கை. மியூசியம் என்ற அந்த ஒரு இடத்தில்தான் நான் கடைக்காரன் இல்லை. அது தெரிந்த ஒரே மனிதர், அங்கேயும் என்னைத் தராசில் தூக்கி வைத்துவிட்டார்.

ஒக்டோபர் 22, புதன்

பாக்கியத்தின் காதுக்கும் வந்துவிட்டது. சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"இத்தன வருசமா பில்லு பில்லுன்னு சொன்னதெல்லாம் மியூசியமா?"

ஆமாம் என்றேன்.

"ஒரு தடவ என்னையும் கூட்டிட்டுப் போயிருந்தா தேஞ்சா போயிருப்பீங்க?"

தட்டை நீட்டினேன். ரசம் ஊற்றினாள். பிறகு, "ஆமா, என்னா வெலயாம் அந்தப் படம்?"

கை கழுவிவிட்டேன். கருவாட்டில் உப்பு அதிகம்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

தனியாகப் போய்வந்தேன். வெள்ளி இரவு போய், இன்று காலை திரும்பியது. பாக்கியத்தைக் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள். கூப்பிடவில்லை. கொழும்புக்குப் போய்ச் சரக்கெடுக்காமல் வெறுங்கையோடு வந்தது இதுதான் முதல் தடவை.

மண்டபம் திறக்குமுன்பே வாசலில் நின்றேன். நேரே கடைசிச் சுவர். கை தானாகப் பின்னால் போனது. சுல்தான் ஞாபகம். எடுத்து முன்னால் விட்டேன். எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

படத்தில் அவள் அப்படியேதான் சாய்ந்திருந்தாள். அந்தக் கோட்டைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். கண் அங்கே போகவில்லை. கீழே, வலது மூலையில், ஒரு சின்னச் சீட்டு. விலை இருந்திருக்கிறது. முந்நூற்றைம்பது ரூபாய்.

"சட்டம் தேக்கு. அதுக்கே அறுபது போகும்" என்றது வாய். சத்தமாகவே. காவலாள் திரும்பிப் பார்த்தார்.

விதிப்படி டீ என் கணக்கு.