இடப்பக்கத்து மணல் மூட்டைகள்

மாடி வீட்டுப் பெண் நகப்பூச்சை அழித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. அந்த நெடி படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது. கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். மந்தைவெளி வீட்டில் நீ ஜன்னலோரம் பலகை போட்டு உட்கார்ந்திருந்த காலத்தில் வீடு முழுக்க இதே நெடிதான். பிளாஸ்டிக்கை ஒட்டும் பசையின் நெடி. தம்பி, நீ போய் எத்தனையோ மழைக்காலம் ஆகிவிட்டது. என் மூக்குக்கு மட்டும் அது தெரியவில்லை.

எழுபத்தொன்றில் மேற்கு எல்லையில் உன் டேங்க் எரிந்தது. நீ டிரைவர். முன்பக்கத்து மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தாய். மேலே பீரங்கிக் கூண்டுக்குள் இருந்த மூன்று பேரும் வரவில்லை. வெந்த கைகளோடும் புகை தின்ற நெஞ்சோடும் பட்டாளம் உன்னை என்னிடம் அனுப்பியது. அம்மாவும் அப்பாவும் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார்கள். தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றுக்காக நான் வீட்டிலிருந்தே துணி தைத்துக்கொண்டிருந்தேன். மிஷின் சத்தம் கேட்டால்கூட நீ திரும்பிப் பார்க்கமாட்டாய். சுவரைப் பார்த்தபடி இருப்பாய்.

ஒருநாள் பர்மா பஜார் நடைபாதையிலிருந்து ஒரு டேங்க் பொம்மைப் பெட்டியோடு வந்தாய். துண்டு துண்டாக இருந்ததை, தீயில் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்த விரல்களால் நாள் கணக்கில் சேர்த்தாய். முடித்ததும் உன் முகம் சுண்டிப்போயிற்று.

"இன்னாடா, நல்லாத்தானே கீது?" என்றேன்.

"ஆள் இல்லாத வூடு மாதிரி கீதுக்கா. நாலு பேர் அதுலயே துன்னு அதுலயே தூங்கிக்கினு இருந்தோம். இதுல ஒரு பக்கெட்டு கூட இல்ல."

அதற்கப்புறம் என் வெட்டுத்துணிக்கெல்லாம் வேலை வந்தது. பள்ளிக்கூட நிக்கரில் மிஞ்சிய காக்கித் துண்டு, நூலால் கட்டிய படுக்கைச் சுருளானது. கொசுவலைக் கிழிசலை டீத்தண்ணியில் ஊறவைத்து மறைப்பு வலையாகப் போர்த்தினாய். தீர்ந்துபோன பற்பசைக் குழாயின் தகரத்தை வெட்டி கட்டும் வார்களும் ஒரு கெட்டிலும் செய்தாய். கடைசியாக ஒரு சின்ன வெங்காய மூட்டை. "இது ஜோகிந்தருக்கு. பச்ச வெங்காயம் இல்லாம ஒரு வாய் எறங்காது அவனுக்கு." கூண்டுக்குள் பீரங்கி சுடும் வேலை பார்த்த ஜோகிந்தரின் பெயரை நீ சொன்னது அதுதான் முதல் தடவை. சிரித்தாய்கூட. தேறிவிட்டாய் என்று நினைத்து, கபாலி கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன்.

ஆனால் நீ நிறுத்தவில்லை. உங்கள் டேங்கில், சக்கரத்தைச் சுற்றி ஓடும் சங்கிலியின் உபரி இரும்புக் கண்ணிகளையெல்லாம் காவலுக்காக முன்பக்கம்தான் கட்டியிருந்தீர்களாம். குண்டு வந்தது இடப்பக்கம். அங்கே தொங்கியவை படுக்கைச் சுருள்கள் மட்டும். அதனால் பொம்மையின் இடப்பக்கத்தில் கண்ணிகளைக் கட்டினாய். அதன்மேல் களிமண்ணைத் துணியில் சுற்றி மணல் மூட்டைகள். அதன்மேல் வேப்பங்குச்சியில் மரக்கட்டைகள். திரும்பவும் மூட்டைகள். சக்கரமே தெரியவில்லை.

"இவ்ளோ பாரம் ஏத்துனா எப்டிடா நவுரும்?"

"நவுர வேணாங்கா. உள்ள கீறவங்க பொழச்சா போதும்."

என் தேங்காய் வீணாய்ப் போயிற்று என்று அன்றைக்குத் தெரிந்தது.

எழுபத்து நான்கோ ஐந்தோ, சரியாக நினைவில்லை. வெயில் காலத்தில் ஜோகிந்தரின் அப்பா பஞ்சாபிலிருந்து ரயிலேறி வந்தார். வெள்ளைத் தாடி, தலைப்பாகையெல்லாம் புழுதி. மகன் எப்படிச் செத்தான் என்று, கூட இருந்தவன் வாயால் கேட்க வேண்டுமாம். நான் மோர் கொடுத்தேன். அவர் கண் ஜன்னலோரத்துக்குப் போனது. எழுந்துபோய் மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். ஏதோ சொன்னார். உன் முகம் வெளிறியது.

"இன்னா சொல்றாருடா?"

"இவ்ளோ காவல் வெச்சிருந்தீங்களா, அப்பவும் குண்டு உட்லயான்னு கேக்குறாரு."

நீ ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரும் நிம்மதியாகப் போயிருப்பார். ஆனால் நீ பலகைமுன் உட்கார்ந்து, மூட்டைகளைப் பிய்க்க ஆரம்பித்தாய். கட்டைகளைப் பிடுங்கினாய். கண்ணிகளைப் பெயர்த்தாய். ஒவ்வொன்றுக்கும் "நஹீன் தா" என்றாய். 'இது அப்போது இல்லை' என்கிறாய் என்பது இந்தி தெரியாத எனக்கே புரிந்தது. கடைசியில் இடப்பக்கத்தில் காக்கிச் சுருள்கள் மட்டும் தொங்கின. கூண்டுக்குள் ஜோகிந்தர் உட்காரும் இடத்தை நகத்தால் காட்டினாய். பெரியவர் குனிந்து, அந்த இருட்டுப் பொந்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக ஒன்று கேட்டார். நீ இல்லை என்று தலையாட்டினாய். அவர் உன் தலைமேல் கைவைத்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

"கடைசியா இன்னா கேட்டாரு?"

"கூப்டானான்னு."

"கூப்டானா?"

நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். தரையில் சிதறிக் கிடந்த மூட்டைகளைப் பொறுக்கவில்லை. நான்தான் பெருக்கி எடுத்தேன். பலகை அதற்கப்புறம் காலியாகவே கிடந்தது. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோவாய். "நெஞ்சு அடைக்குதுக்கா" என்பாய். டாக்டரிடம் போகலாம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் உனக்கு நினைவு தப்பியது. பகலெல்லாம் "ஆத்தா ஊம், ஆத்தா ஊம்" என்று முனகினாய். நம் அம்மாவை நாம் ஆத்தா என்று கூப்பிட்டதே இல்லையே என்று எனக்குக் குழப்பம். எந்தப் பெயரால் என்ன, அம்மாவைத்தானே தேடுகிறாய் என்று உன் நெற்றியைத் தடவிக்கொண்டு, "இங்கதான் கீறேன்டா கண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வடக்கே வேலை பார்த்துவிட்டு வந்திருந்த நர்ஸம்மா ஒருத்தி, ஊசி போட வந்தவள், கொஞ்சம் நின்று நீ முனகுவதைக் காதுகொடுத்துக் கேட்டாள்.

"ஆத்தா இல்லம்மா. இது இந்தி. யாரோ கூப்டுறாங்க போல, 'இதோ வரேன், இதோ வரேன்'னு பதில் சொல்றாரு."

மறுநாள் சாயங்காலம் நீ போய்விட்டாய்.

பஞ்சாபிலிருந்து வந்த பெரியவர் உன் தலையசைப்பை எடுத்துக்கொண்டு ஊர்போய்ச் சேர்ந்தார். அவரும் இப்போது இருக்கமாட்டார். அவர் மகன் கூப்பிட்டான் என்பதும், உன்னால் திரும்பிப் போக முடியவில்லை என்பதும் உலகத்தில் இனி எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லி இறக்கிவைக்க எனக்கு ஆளில்லை.

தெருவில் யாரோ யாரையோ பெயர்சொல்லிக் கூப்பிடுவார்கள். பதில் வரும்வரை கைவேலையை விட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். சில நாள் பதில் வருவதே இல்லை.