பத்து அங்குலத்துக்குக் கீழே

24 ஆகஸ்ட், சனி

பார்லி அறுத்தாகிவிட்டது. உலோகம் தேடும் கருவியோடு திருமதி ஆல்டஸின் கீழ்வயலில் காலை ஏழு மணிக்கே இறங்கிவிட்டேன். ஐந்து மணி நேரம். கிடைத்தது இரண்டு பொத்தான், துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை மூடிகள் ஒன்பது, பீர் டின்னின் வளையம் ஒன்று.

போன வருடம் அந்த அம்மாள் ஆழக் கலப்பை விட்டு உழுதபோது இதே வயலில் உள்ள மேட்டில்தான் நான்கு வெள்ளிப் பென்னிகள் மேலே வந்தன. எழுநூறு வருடப் பழசு. நான்கும் பத்தடிக்குள் கிடந்தன. கலப்பை கீழேயிருந்து எதையோ கிள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. மிச்சம் அங்கேயேதான் இருக்கிறது என்று என் உள்மனசு சொல்கிறது. ஆனால் என் கருவிக்கு ஆறு அங்குலத்துக்குக் கீழே உலகமே கிடையாது.

அக்டோபர் 14 அன்று ஜேசிபி வருகிறது. கீழ்வயல் முழுக்கப் பாசனக் குளம் ஆகப்போகிறது. அதற்குப் பிறகு அந்தக் காசுகளை மீன்தான் எண்ண வேண்டும். ஏழு வாரம் இருக்கிறது. கருவியை மாற்றியே ஆக வேண்டும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் லோர்னா அடுக்களையிலிருந்து என்னவோ சொன்னாள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல விடு" என்றது மட்டும் கேட்டது. கல்யாணமாகி முப்பத்தைந்து வருடம் கழித்து இப்போதுதான் இப்படி வாய்க்குள்ளேயே பேசக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

மறுபடியும் மேடு. மறுபடியும் பொத்தான்.

28 ஆகஸ்ட், புதன்

எங்கள் தேடுவோர் சங்கத்தின் மாதக் கூட்டம், மதுக்கடையின் பின்னறையில். ஆழத்தில் இருக்கும் காசுக்கு எந்தக் கருவி என்று கேட்டதுதான் தப்பு. பதினோரு பேர், பதினான்கு பதில்.

ராய்ஸ் மேசையைத் தட்டிப் பேசினான். மர ஆலையில் நான் ரம்பத்துக்கு முன்னால் நின்ற முப்பத்தொரு வருடமும் அங்கே லாரி ஓட்டியவன். அவனுக்கு எல்லாம் தெரியும்.

"ஆழம் வேணும்னா பல்ஸ் மெஷின்தான்ப்பா. ரெண்டடி போகும்."

"ஆணிக்கும் காசுக்கும் வித்தியாசம் சொல்லுமா?"

"அது சொல்லாது. அதுக்குத்தான் உன் கையில மண்வெட்டி இருக்கே, கிளெம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வரும் வழியெல்லாம் எரிச்சல்.

31 ஆகஸ்ட், சனி

கருவி விற்கிறவர்கள் சொல்வதையெல்லாம் நம்பக்கூடாது, நாமே சோதித்துவிடுவோம் என்று தோட்டத்துப் புல்தரையில் மூன்று குழி. தேய்ந்துபோன பழைய வெள்ளிப் பென்னி மூன்று வைத்திருந்தேன். ஆறு அங்குலத்தில் ஒன்று, எட்டில் ஒன்று, பத்தில் ஒன்று. மேலே கூடாரத்து மர முளைகளை அடித்து அடையாளம்.

என் பழைய கருவி ஆறில் பாடியது. எட்டில் மூச்சு இல்லை. பத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

"என் புல்லு" என்றாள் லோர்னா. அது தெளிவாகக் கேட்டது.

4 செப்டம்பர், புதன்

கடையிலிருந்து பல்ஸ் கருவியை ஒரு வார வாடகைக்கு எடுத்தேன். இன்று முப்பத்தொரு குழி. எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆணி, ஆணி, ஆணி, வேலிக்கம்பி, ஆணி. இரண்டடி ஆழத்தில் ஒரு குதிரை லாடம். முக்கால் மணி நேரம் தோண்டி எடுத்தேன் அதை! எழுநூறு வருடமாக இந்த ஊரில் ஆணியை வாரி இறைப்பதைத் தவிர வேறு வேலையே இருந்ததில்லையா?

திருமதி ஆல்டஸ் ஜீப்பை நிறுத்திப் பார்த்தார்.

"என் வயல்ல முயல்கூட இத்தனை வளை தோண்டினதில்ல, கிளெம்."

"எல்லாத்தையும் மூடிடறேன் அம்மா."

"மூடுங்க. ஜேசிபிக்காரன் வர்றதுக்குள்ள நீங்களே குளத்தை வெட்டி முடிச்சிடப் போறீங்க."

7 செப்டம்பர், சனி

பல்ஸைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பழைய கருவியின் நுனியில் பதினைந்து அங்குலப் பெரிய தேடுதட்டு ஒன்றை மாட்டிப் பார்த்தேன். குப்பைத்தொட்டி மூடியைக் கம்பில் கட்டி ஆட்டுவது போல. ஒரு மணி நேரத்தில் தோள் போயிற்று. எட்டு அங்குலத்தில் ஏதோ கேட்டதா, கேட்டதாக ஆசைப்பட்டேனா? தெரியவில்லை.

14 செப்டம்பர், சனி

வாங்கிவிட்டேன். ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் வேலை செய்யும் புதுக் கருவி. சங்கத்தில் பாதிப் பேர் இதன்மேல் சத்தியம் செய்கிறார்கள். லேசானது, ஆணியைத் தள்ளிவிடும், பத்து அங்குலத்துக் காசை அனாயாசமாகக் காட்டும் என்றார்கள். ஸ்காட்லாந்து போவதற்கென்று ஒதுக்கியிருந்த பணம். லோர்னா ஒன்றும் சொல்லவில்லை. சொன்னாளோ என்னவோ.

நேராகத் தோட்டத்துக்குப் போனேன். ஆறு — அருமை. எட்டு — இல்லை. பத்து — இல்லை. மெதுவாக ஆட்டினேன், வேகமாக ஆட்டினேன், எல்லாத் திசையிலும் ஆட்டினேன். இல்லை, இல்லை, இல்லை.

கடைக்காரனுக்கு போன் போட்டால், "இங்க நல்லாத்தான் சார் அடிச்சுது" என்கிறான். அங்கே அடித்தால் எனக்கென்ன?

19 செப்டம்பர், வியாழன்

கருவியில் பழுது என்று திருப்பி அனுப்பினேன். வேறொன்று அனுப்பினார்கள். அதுவும் அப்படியே. இரண்டு கருவியிலும் ஒரே பழுதா? மண்ணிலா கோளாறு? கையேட்டை நான்கு முறை படித்துவிட்டேன். இன்னும் மூன்றரை வாரம்.

21 செப்டம்பர், சனி

ராய்ஸை வரச்சொன்னேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டாவது முளைக்கு மேல் ஆட்டினான்.

"இதோ அடிக்குதே."

என்னிடம் தந்தான். ஒன்றுமில்லை.

"விளையாடாதே ராய்ஸ்."

"யாருப்பா விளையாடறது? பத்துலயும் அடிக்குது. சன்னமாத்தான், ஆனா சுத்தமா. இதைவிட என்ன வேணும் உனக்கு?"

சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்புதான். மதுக்கடையில் மேசையைத் தட்டிய அதே சிரிப்பு. கையிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கிக்கொண்டு, "கேலி பண்றதுக்கு உனக்கு வேற ஆளே கிடைக்கலையா? போ, கிளம்பு" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. ராய்ஸ் கிளம்பிப் போய்விட்டான்.

நாற்பது வருடப் பழக்கம். ஆனால் அவன்தானே ஆரம்பித்தான்? அவன்தானே?

22 செப்டம்பர், ஞாயிறு

எழுதிவிட வேண்டும். எழுதினால்தான் நாளைக்கு இது நடக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள மாட்டேன்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கருவியின் ஒலிபெருக்கியிலேயே கேட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். லோர்னா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பத்தடி தள்ளி. பல்லில் கிளிப்பைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"அதான் கத்துதே, இன்னும் எவ்வளவு நேரம் அங்கேயே நின்னு ஆட்டப்போற?"

"என்ன கத்துது?"

"அந்த மூணாவது முளை. நீ தாண்டும்போதெல்லாம் கீச்சுங்குது. எலிக்குஞ்சு மாதிரி."

நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவளைத் திரும்பி நிற்கச் சொன்னேன். முதுகைக் காட்டிக்கொண்டு, சத்தம் கேட்கும்போது கையைத் தூக்க வேண்டும். நான் ஆட்டினேன். முளைக்கு மேல் தட்டு வந்த ஒவ்வொரு முறையும் அவள் கை மேலே போனது. பன்னிரண்டு முறை. ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்கு ஒரு முறைகூட எதுவும் கேட்கவில்லை.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். ஈரத் துணியைக் கூடையில் போட்டுவிட்டு வந்தாள்.

"ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன், கிளெம்."

"எனக்குக் கேக்கலையே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

கருவி இல்லை. மண் இல்லை. கடைக்காரன் இல்லை. நான்தான்.

27 செப்டம்பர், வெள்ளி

காது பரிசோதனை. கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னாள் பரிசோதிக்கிற பெண். முடிந்ததும் ஒரு வரைபடத்தைக் காட்டினாள். கோடு பாதிவரை ஒழுங்காகப் போய், பிறகு கல்குவாரி விளிம்பு மாதிரி நேரே கீழே.

"கீழ்ஸ்தாயி எல்லாம் பரவாயில்ல. உச்சத்துல வர்ற மெல்லிய சத்தம் மட்டும் போயிடுச்சு. எங்க வேலை பார்த்தீங்க?"

"மர ஆலை. முப்பத்தொரு வருஷம்."

"காதுக்கு ஏதாவது போட்டிருந்தீங்களா?"

போட்டிருந்தால் இங்கே ஏன் வருகிறேன்? இல்லையென்று தலையாட்டினேன். காதுக்கருவி வர ஆறு வாரமாகும். ஆறு வாரம்! ஜேசிபி இரண்டரை வாரத்தில் வருகிறது. சமயம் பார்த்துக் கழுத்தறுக்கிறது.

நான் வாங்கியிருக்க வேண்டிய கருவியைத்தான் முதலில் வாங்கியிருக்கிறேன். அதையும் பழுது என்று திருப்பி அனுப்பினேன்.

30 செப்டம்பர், திங்கள்

கருவியைத் தூக்கிக்கொண்டு ராய்ஸ் வீட்டு வாசலில் போய் நின்றேன். மூன்று நாளாக ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. "தப்பு என் காதுலதான்" என்று மட்டும் வந்தது.

அவன் கதவில் சாய்ந்துகொண்டான்.

"அப்போ நான் மதுக்கடையில உன்னைப் பத்திச் சொன்னதெல்லாம் உனக்குக் கேட்டதே இல்லையா?"

"என்ன சொன்ன?"

"நல்லதா ஒண்ணும் இல்ல. உள்ள வா."

கையேட்டில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறதாம், சத்தத்தின் சுருதியைக் குறைக்கும் வசதி. நான்கு முறை படித்தேன், இதை மட்டும் எனக்குத் தேவையில்லாதது என்று தாண்டியிருக்கிறேன். ராய்ஸ் வெள்ளிக் காசின் சத்தத்தை மாட்டின் குரல்வரை இறக்கிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து பார்த்தேன். எட்டு அங்குலம் கேட்கிறது! பத்து — சில சமயம். ஆசையா, சத்தமா என்று பிரிக்க முடியவில்லை.

5 அக்டோபர், சனி

லோர்னா என்னோடு வயலுக்கு வந்தாள். வாய்விட்டுக் கேட்க எனக்கு ஐந்து நாள் ஆயிற்று. அவளுக்கு இந்தப் பொழுதுபோக்கே பிடிக்காது. "சேத்துல போய் யாரோ தொலைச்சதைத் தேடறது" என்பாள்.

ஒரு கருவி, இரண்டு ஹெட்போன், நடுவில் மூன்றடி வயர். நான் ஆட்ட, அவள் பக்கத்திலேயே ஒட்டி நடந்தாள்.

"நாயைக் கூட்டிட்டுப் போற மாதிரியே இருக்கு."

"யாரு நாய்?"

"அது இனிமேதான் தெரியும்."

மூன்று மணி நேரத்தில் ஈயக் குண்டு ஒன்று. மழை.

9 அக்டோபர், புதன்

மழை. நேற்றும் மழை. வயல் களியாகக் கிடக்கிறது. ஜன்னலில் நின்று வானத்தைத் திட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

12 அக்டோபர், சனி

பதினொன்றே கால் மணி. மேட்டின் தெற்குச் சரிவு. நான் தாண்டிப் போய்விட்டேன். வயர் இழுத்தது. லோர்னா நின்றுவிட்டிருந்தாள்.

"திரும்பு. மெதுவா. இன்னும் மெதுவா, கிளெம், சட்டியைக் கிண்டற மாதிரி ஆட்டாதே. அங்க."

எனக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் அவள் கண்ணை மூடியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு பொய் சொல்ல அவளுக்கு வராது.

பதினோரு அங்குலத்தில் ஒரு பென்னி. குழியின் சுவரில் இன்னொன்று. மண்ணை விரலால் தள்ளியபோது உள்ளே அடுக்கு. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கறுப்பும் பச்சையுமாக, பிஸ்கட் பொட்டலம் சாய்ந்து கிடப்பது போல.

தோண்ட வேண்டும் போல இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வாழ்க்கையில் எதற்கும் கை இப்படித் துடித்ததில்லை. ஆனால் அடுக்காகக் கிடந்தால் தொடக்கூடாது. எப்படிக் கிடக்கிறது என்பதை அதற்கென்று படித்தவர்கள் பார்க்க வேண்டும். ஏழு வாரம் இதற்காக அலைந்துவிட்டு, பார்த்த உடனே மண்ணைப் போட்டு மூடுகிறேன்! லோர்னா மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கித் தன் பின்னால் வைத்துக்கொண்டாள். மாவட்டத் தொல்பொருள் அலுவலருக்கு போன் செய்தோம். நாளைக் காலை வருகிறாராம். திருமதி ஆல்டஸ் தன் ஜீப்பைக் கொண்டுவந்து குழிக்கு மேலேயே நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

13 அக்டோபர், ஞாயிறு

அலுவலர் முழங்காலிட்டு ஐந்து மணி நேரம் வேலை பார்த்தார். தூரிகை, மூங்கில் குச்சி. நாற்பத்தேழு பென்னி. தோல் பையின் மக்கிய துணுக்கும் இருக்கிறது. நானும் லோர்னாவும் திருமதி ஆல்டஸும் சீஸ் சாண்ட்விச்சைத் தின்றபடி பார்த்துக்கொண்டு நின்றோம்.

படிவத்தில் 'கண்டெடுத்தவர்' என்ற இடத்தில் லோர்னா பெயரை எழுதினேன். "உன் பெயரையும் போடு" என்றாள். போட்டேன், இரண்டாவதாக.

14 அக்டோபர், திங்கள்

ஜேசிபி வந்தது. மதியத்துக்குள் மேடு இல்லை.

24 நவம்பர், ஞாயிறு

காதுக்கருவி வந்து இரண்டு வாரமாகிறது. முதல் நாள் காகிதத்தை மடித்தால்கூடத் தலை வலித்தது. இப்போது பழகிவிட்டது.

ராய்ஸ் வேறொரு பண்ணையில் அனுமதி வாங்கியிருக்கிறான். இன்று மூவரும் போனோம். லோர்னா தனக்கென்று ரப்பர் பூட்ஸ் வாங்கியிருக்கிறாள், பச்சை. வழக்கம்போல வயரில் கட்டிக்கொண்டு நடந்தோம்.

வேலியோரத்தில் கேட்டது. சன்னமாக, உச்சத்தில், மிக ஆழத்திலிருந்து. எனக்கே, தெளிவாக. இரண்டு வருடத்தில் முதல் தடவை. அவளைப் பார்த்தேன். அவள் அப்போதுதான் வேலியில் சிக்கிய கையுறையை விடுவித்துக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்து அதே இடத்தில் இன்னொரு முறை ஆட்டினேன். ரொம்ப மெதுவாக.

வயர் இழுத்தது.

"நில்லு, நில்லு! கேட்டுச்சா உனக்கு?"

"எங்க?" என்றேன்.