அப்பாவின் இடது கை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். எப்போதும் எழுதும் வரிதானே என்று தாண்டிப் போய்விடாதே, இந்த முறை நிஜமாகவே நலம். போன வாரம் ஒரு நாள் அப்படி இல்லை. போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், கடைசி வரை படி.

டயாலிசிஸ் வார்டு சிஸ்டரைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷனாயிற்றே, அப்பா அவளுக்கு வைத்த பேர் செக்கிங் இன்ஸ்பெக்டர். நுழைந்ததும் எடை பார்ப்பாள், கணுக்காலை அமுக்கி வீக்கம் பார்ப்பாள், எடை கூடியிருந்தால் எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தீர்கள் என்று விடமாட்டாள். ஐஸ் கட்டி தண்ணீர்க் கணக்கில் வராது என்று உன் அப்பா சட்டம் பேசினார். அவள் ஒரு கிண்ணம் ஐஸ் கட்டியைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள், டயாலிசிஸ் முடிந்ததும் உருகியதை அவர் கண் முன்னாலேயே அளந்து காட்டினாள். அன்றோடு ஐஸ் பேச்சு நின்றது. நான் எத்தனை மாதமாகக் கத்தியும் நடக்காதது.

அவள் கண்ணாகப் பார்ப்பது அப்பாவின் இடது கையைத்தான். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக மணிக்கட்டுக்கு மேலே இரண்டு ரத்தக் குழாயை இணைத்திருக்கிறார்களே, விரல் வைத்தால் கிர்ரென்று அதிரும். அந்தக் கையில் பை தூக்கக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, எதையும் இறுக்கிக் கட்டக் கூடாது. தினமும் எழுந்ததும் அதிர்வு இருக்கிறதா என்று பார்க்க என் விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

நீ அனுப்பிய வாட்ச் வந்ததும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பழைய டிரைவர்கள் கூடிய விருந்துக்கு அதைக் கட்டிக்கொண்டு போனார், பழக்கதோஷத்தில் இடது கையில், மேலே முழுக்கைச் சட்டை. சட்டைக்குள் அது இருப்பதை நான் பார்த்தேன். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வராமல் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். திரும்பி வந்தவர் வாட்சோடு அதே கையைத் தலைக்கு வைத்து நாற்காலியில் தூங்கிப்போனார்.

மறுநாள் காலை வாட்சைக் கழற்றி என் பையில் போட்டுவிட்டு விரல் வைத்தேன், ஒன்றும் இல்லை. காது வைத்தேன், சத்தமே இல்லை. நாளைக்குத்தான் டயாலிசிஸ் இருக்கிறதே, அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்றார் இவர். நான் உடனே சிஸ்டருக்குப் போன் போட்டேன். அன்று அவளுக்கு விடுமுறை. "அமுக்கவோ தேய்க்கவோ வேண்டாம்மா, இப்பவே கிளம்புங்க" என்றாள். நாங்கள் போய்ச் சேரும்போது டாக்டரிடம் பேசிவிட்டு வாசலிலேயே நிற்கிறாள். உள்ளே ரத்தம் கட்டியிருந்தது, அன்றே எடுத்துவிட்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் அந்தக் கையை மறந்துவிட்டுக் கழுத்தில் குழாய் வைக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

வாட்ச் பட்டை பதிந்திருந்த தடத்தை அவள் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று இருவரும் தலையைக் குனிந்துகொண்டோம். அவள் என் பையிலிருந்த வாட்சை வாங்கி அவருடைய வலது கையில் கட்டிவிட்டாள். "மக அனுப்பினதைக் கட்ட வேண்டாம்னு யாரு சொன்னா? இந்தக் கையில கட்டுங்க" என்றாள். என்னால் அடக்க முடியவில்லை, பார்த்தும் சும்மா இருந்தேன் என்று சொல்லி அழுதேன். "காலையில தொட்டுப் பார்த்தீங்கல்ல, அதனாலதாம்மா கை தப்பிச்சது" என்றாள். அவள் உன்னைவிட இரண்டு வயது மூத்தவளாக இருந்தால் அதிகம். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. இப்போதெல்லாம் இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்பே உன் அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

வாட்ச் அனுப்பியது தப்போ என்று நீ குழம்பாதே. இப்போது காலையில் அவருடைய இரண்டு கையிலும் காது வைக்கிறேன். வலது கையில் நீ அனுப்பியது ஓடுகிறது, இடது கையில் அவர் ஓடுகிறார். இரண்டும் கேட்ட பிறகுதான் அடுப்புப் பக்கம் போகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. பிரஷர் பார்த்துக்கொள் என்று போன தடவையே சொன்னேன், நீ பதிலே எழுதவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போய்ப் பார்த்து, வந்த நம்பரை அப்படியே எழுது, குறைத்து எழுதாதே, நீ உன் அப்பாவின் பெண். இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா