பட்டுத் துண்டுக்கு அடியில் பதினெட்டு கோர்

அக். 7, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. சாயங்காலம் கம்ப்யூட்டர் மெஷின் வந்து இறங்கியது. புது மெஷின் என்று எழுத மனசு வரவில்லை. லலிதா அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் அத்திம்பேர், டெக்னோபார்க்கில் ஒரு கம்பெனியின் சர்வர் ரூமைப் பார்த்துக்கொள்கிறவர். எங்கேயோ கழித்துப் போட்ட சர்வர் ப்ராசஸரை வாங்கி, அதற்கு ஒரு போர்டு தேடி, தானே பூட்டிக் கொண்டுவந்துவிட்டார்.

நான் கேட்டது சின்னது. நாலு கோர், அதாவது நாலு மூளை, இப்போது வருகிற சாதாரண டெஸ்க்டாப் ப்ராசஸர், சிநேகிதி மும்தாஜ் வீட்டில் இருப்பது போல. என்னைக் கட்டிக்கொண்ட இவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். இவர் அத்திம்பேரிடம் கேட்டார். முடிந்தது கதை.

"இது பேங்க்கையே நடத்தற சாமானாக்கும், கேட்டியா கோமதி? பதினெட்டு கோர்!"

"நேக்கு பேங்க் நடத்த வேண்டாம் அத்திம்பேர். ஒரு வீட்டு பிளான் திறந்தா மதி, அதுவே போறும்."

சிரித்தார். இவரும் கூடச் சிரித்தார். என் லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் தள்ளியாயிற்றாம். யாரைக் கேட்டு?

அக். 8, செவ்வாய்

பால் திரிந்துவிட்டது. கேஸ் புக் செய்யணும்.

பீனாவின் வீட்டு பிளான். கரமனை, ஆற்றுக்குப் பக்கம், மூலை மனை. என் லைசென்ஸில், என் சீலோடு வெளியே போகப்போகிற முதல் பிளான். பழைய ஆபீஸில் வரைந்ததெல்லாம் ஸார் பேரில் போயின. அது பொறுக்காமல்தான் வேலையை விட்டேன்.

படிக்கட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். திரை அப்படியே நின்றது. காபி போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். அப்போதும் நின்றபடி. ஃபேன் மட்டும் மிக்ஸி மாதிரி ஓடுகிறது.

பீனா போன்: "சேச்சி, திங்களாழ்ச்ச கிட்டுமல்லோ? இல்லெங்கில் சேட்டன் பழைய ஆபீஸிலே கொடுக்கும்."

திங்கட்கிழமை கிடைக்காவிட்டால் அவள் வீட்டுக்காரர் என் பழைய ஆபீஸிலேயே கொடுத்துவிடுவாராம். கிட்டும் என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ.

அக். 9, புதன்

வெயில். மணக்காடு போனேன், மும்தாஜ் வீட்டுக்கு. அவளும் அதே ஆபீஸை விட்டு வந்தவள். அதே பிளான், பென் டிரைவில்.

அவளுடையது: நாலு கோர். புது மாடல், விலை குறைந்த ரகம். படம் காட்டும் கிராபிக்ஸ் உள்ளேயே. சத்தம் இல்லை. பிளான் உடனே திறந்தது. படிக்கட்டு சொன்ன இடத்துக்கு வந்தது.

என்னுடையது: பதினெட்டு கோர். பழசு. ஒவ்வொரு கோரும் மெதுவு. கிராபிக்ஸ் இல்லை, அதற்குத் தனியாக ஒரு பழைய கார்டு. அறை முழுக்க அனல்.

மும்தாஜ் சொன்னது: "நம்ம சாஃப்ட்வேர் ஒரு கோர்லதான் ஓடும் கோமதி. அந்த ஒண்ணு வேகமா இருக்கணும். மிச்சம் பதினேழு இருந்து நமக்கு எந்தா காரியம்?"

இதைத்தானே நானும் சொன்னேன்! இரவு சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன். "அத்திம்பேருக்குத் தெரியாதா?" ரசம் நன்றாக இருக்கிறதாம்.

அக். 10, வியாழன்

சரஸ்வதி பூஜை வைப்பு. கொண்டைக்கடலை ஊறப்போட்டேன். மும்தாஜுக்கு அவள் டப்பா திருப்பித் தரணும்.

புஸ்தகங்கள், ஸ்கேல், என் சீல் எல்லாம் பூஜையில். மெஷினைத் தூக்க முடியாது என்று மேஜையிலேயே வைத்துச் சந்தனம், குங்குமம். மேலே பட்டுத் துண்டு. ஞாயிறு காலை பூஜை எடுக்கும் வரை தொடக்கூடாது.

"திங்கக்கிழமை பிளான் தரணும்" என்றேன்.

"சரஸ்வதியை விட பீனா பெரிசா?" என்றார் இவர்.

எனக்கும் உள்ளூர பயம் உண்டு. ஞாயிறு உட்கார்ந்தால் முடிக்கலாம்.

அக். 11, வெள்ளி

இன்று எழுதக்கூடாது. எழுதுகிறேன்.

இவர் பாட்டுக் கச்சேரி கேட்க நவராத்திரி மண்டபத்துக்குப் போனார். நான் தனி. மேஜைப் பக்கம் உஸ்ஸென்று சத்தம். பட்டுத் துண்டைத் தொட்டேன், சுடுகிறது. பற்றிக்கொள்ளப் போகிறதே என்று எடுத்துவிட்டு மானிட்டரை ஆன் செய்தேன். அணைத்தாயிற்று என்று நினைத்த மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. பதினெட்டு கோரும் முட்ட முட்ட வேலை செய்கின்றன. அத்திம்பேர் பேரில் ஒரு புரோகிராம். ஷேர் மார்க்கெட் பழைய விலைகளை வைத்து அவருடைய ஃபார்முலாவை ஆயிரம் விதமாக ஓட்டிப் பார்க்கிறது. மனுஷர் தன் வீட்டிலிருந்தபடியே நெட் வழியாக நடத்துகிறார்.

அதை நிறுத்திவிட்டு என் பிளானைத் திறந்து பார்த்தேன். கொஞ்சம் தேவலை. ஆனாலும் மணக்காட்டு நாலு கோர் பக்கத்தில்கூட வராது.

இவர் வந்ததும் கேட்டேன்.

"திங்கக்கிழமைலேர்ந்தே ஓடறது. நோக்கு ஒரு கோர் போறுமே. மிச்சம் சும்மாதானே கிடக்கு? அவா ஆத்துல இந்தச் சூடும் சத்தமும் லலிதாக்காவுக்கு ஆகாதாம்."

"நேக்கு ஆகுமோ?"

இவர் அங்கவஸ்திரத்தை மடித்துக் கொடியில் போட்டார்.

"தெரிஞ்சுண்டேதான் வாங்கினேளா?"

"நல்ல சாமான்தானே கோமு..."

என் வேலைக்கு மட்டும் பூஜை. அத்திம்பேர் வேலைக்கு சரஸ்வதி விலக்குக் கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது! பிளக்கைப் பிடுங்கினேன். நல்லாப் பிடுங்கினேன்.

அக். 12, சனி

மழை. பூஜையிலிருந்து சீலை எடுத்துக்கொண்டேன். தேவியிடம் மன்னிப்பு கேட்டேன், இவரிடம் கேட்கவில்லை.

"பூஜை வெச்ச நாள்ல வேலை பண்ணப்படாது, கேட்டியா?" என்றார் இவர்.

"இதை நேத்திக்கு மெஷினுக்குச் சொல்லியிருக்கணும்."

நாள் முழுக்க மும்தாஜ் வீட்டில். அரிசிப் பத்திரி, கோழிக் குழம்பு. எனக்குப் பத்திரியும் பயறும். அவள் மெஷின் ஒரு தடவைகூட முனகவில்லை. படிக்கட்டு, செப்டிக் டேங்க், மழைநீர்த் தொட்டி, எல்லாம் முடிந்தது. பிரிண்ட். சீல் வைத்தேன். கொஞ்சம் கோணல். இருக்கட்டும்.

திரும்பும்போது கரமனையில் இறங்கிப் பீனா கையிலேயே கொடுத்தேன். என் பேரை விரல் வைத்துப் படித்தாள். "திங்களாழ்ச்ச அல்லே பறஞ்ஞது, சேச்சி?" திங்கட்கிழமை என்று சொன்னது சனிக்கிழமையே வந்துவிட்டதாம்.

பஸ்ஸில் அழுகை வந்தது. சந்தோஷமா கோபமா தெரியவில்லை. கோபம்தான்.

அக். 13, ஞாயிறு

விஜயதசமி. பூஜை எடுத்தாயிற்று. ஏழு மணிக்கே அத்திம்பேர் வாசலில், பட்டு வேஷ்டியோடு. செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"ஓட்டம் முழுக்கப் போச்சு! இனிமே முதல்லேர்ந்து ஓடணும். யார் பிளக்கை எடுத்தா?"

"நான்தான்."

இவர் பஞ்சாங்கம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அத்திம்பேர் ஊஞ்சலில் உட்கார்ந்தார். குரலை இறக்கி, குழந்தைக்குச் சொல்வது போல: "எடுக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமோன்னோ, கோமதி?"

அவர். என்னை ஒரு வார்த்தை கேட்காதவர். என்னிடம்.

ஃபில்டரில் முதல் டிகாக்‌ஷன் இறங்கி, வீடெல்லாம் மணக்கிறது. ஒரே ஒரு டம்ளர் கலந்து, அவர் எதிரிலேயே நின்று நான் குடித்தேன்.