எதிர்வீட்டுக்காரர் சட்டையும் உங்கப்பாவோட துப்பாக்கி கேமும்

அம்முவுக்கு அம்மா எழுதறது. நாங்க ரெண்டு பேரும் சௌக்கியம், கிளட்ச் மிதிக்கும்போது மட்டும் என் முழங்கால் நானும் இருக்கேன்னு சொல்லுது, மத்தபடி ஒரு குறையும் இல்லை. நீ, மாப்பிள்ளை, பேத்தி மூணு பேரும் அங்க நல்லா இருக்கணும், அதுதான் எங்களுக்கு வேணும். போன்ல பேசினா நீ பாதியில அழுதுடற, நான் பாதியில கத்திடறேன், அதான் எழுதிடலாம்னு உக்காந்தேன். டிரைவிங் ஸ்கூல்ல இன்னிக்கு என்கிட்ட ஓட்டக் கத்துக்கற ஒரு பொண்ணு கிளாசுக்கு வரலை, கார்லயே உக்காந்து எழுதறேன், கையெழுத்து கோணலா இருந்தா ஸ்டீயரிங்கைத் திட்டு.

நடந்ததை உன் தம்பி கொஞ்சம் காரம் சேர்த்துத்தான் உன்கிட்ட சொல்லியிருக்கான். உங்கப்பா மருந்துக் கிடங்கு வேலையில ரிட்டயர் ஆகி, அலமாரியை அடுக்கறதும் கலைக்கறதுமா என் உயிரை வாங்கிக்கிட்டு இருந்த சமயத்துல, மாடியில குடியிருக்கற பேக்கரிக்காரத் தம்பி தன்னோட பழைய கேம் மெஷினைக் கொடுத்து அந்தத் துப்பாக்கிச் சண்டையைக் கத்துக்கொடுத்தான். அவனுக்கு வேலை காலையிலயே முடிஞ்சுடும், மத்தியானம் ரெண்டு பேரும் ஹால்ல உக்காந்து ஊர் பேர் தெரியாதவங்களைச் சுட்டுக்கிட்டு இருப்பாங்க. அன்னிக்கு எதிர்வீட்டுக்காரர் நம்ம கேட்டை மறிச்சு வண்டியை விட்டுட்டாரு, எனக்கு கிளாசுக்கு நேரமாச்சு, நான் ஹாரனை அடிச்சுக்கிட்டே இருக்கேன், உங்கப்பா பாதி ஆட்டத்துல எழுந்து செருப்புகூடப் போடாம இறங்கி வந்தாரு. அந்த மனுஷன் கொஞ்ச நேரம் பொறுக்க முடியாதான்னு ஒரு வார்த்தை விட்டாரு, இவரு சட்டையைப் பிடிச்சுட்டாரு, மேல் பட்டன் தெறிச்சு என் கார் பானெட்ல வந்து விழுந்துச்சு. பேக்கரித் தம்பிதான் ஓடி வந்து இவரை இடுப்போட கட்டிப் பிடிச்சு இழுத்தான். எதிர்வீட்டம்மா பால்கனியில நின்னு, எல்லாம் அந்தச் சுடற கேம் பண்ற வேலை, நாளைக்கு நிஜத் துப்பாக்கியே வாங்கிடுவாருன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி சொன்னாங்க.

அப்புறம்தான் நீ போன் பண்ணி, அந்த கேம் வீட்ல இருக்கற வரைக்கும் பிள்ளையைக் கூட்டிட்டு வரமாட்டேன்னு சொன்ன. இந்த மாதிரி கேம் ஆடினா அடிதடி புத்தி வருதுன்னு ஒரு கட்டுரையும் அனுப்பின, உன் தம்பி அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைன்னு நேர்மாறா ஒண்ணு அனுப்பினான். ரெண்டையும் படிச்சேன், படிக்கும்போது ரெண்டுமே சரின்னுதான் பட்டுச்சு, மூடி வெச்சதும் தலைவலி. உங்கப்பா எதையும் படிக்கலை. நீ சொன்னதைக் கேட்டதும் மெஷினைக் கழட்டி பரண்மேல ஏத்திட்டாரு, எதிர்வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டாரு, பட்டனை நானே தச்சுக் கொடுத்தேன். இனிமே வீடு அமைதியாயிடும்னு பார்த்தா, எங்கே! கொரியர்காரன்கிட்ட சண்டை, கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவன்கிட்ட சண்டை, டிவியில செய்தி வாசிக்கற பொண்ணுகிட்ட கூட சண்டை. உன் கல்யாணத்தன்னிக்கு பார்க்கிங்குக்காக வாட்ச்மேனோட மல்லுக்கு நின்னாரே, அப்போ எந்த கேம் இருந்துச்சு சொல்லு.

அதனால நானே அந்த மெஷினைப் பரண்லேருந்து இறக்கச் சொன்னேன் அம்மு, கோவப்படாதே. பக்கத்துல உக்காந்து என் கண்ணால பார்க்கணும்னு தோணுச்சு. ஆட்டம் ஆரம்பிச்சா முதல்ல சாகறது உங்கப்பாதான், சார் என் பின்னாடியே வாங்க சார்னு பேக்கரித் தம்பி கெஞ்சிக்கிட்டே இருப்பான், எனக்குச் சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும். ஆனா எல்லாமே சிரிப்பு இல்லை. ஒருநாள் கையைத் தூக்கி நின்ன ஒருத்தனைச் சுட்டுட்டு இவரு சிரிச்சாரு, எனக்குப் பிடிக்கலை, சொல்லிட்டேன். அது பொம்மைதானேன்னாரு. பொம்மைதான், ஆனா சிரிச்சது நீங்கன்னேன். ஆடி முடிச்ச சூட்டுல கதவைப் படார்னு சாத்தறதும் உண்டு, அதையும் உன்கிட்ட மறைக்கலை. அதனால இப்போ நான் ஒரு சட்டம் போட்டிருக்கேன், ஆட்டம் முடிஞ்சா நேரா சிங்க்குக்குப் போய் பாத்திரம் கழுவணும், அப்புறம்தான் மனுஷங்ககிட்ட பேசணும். பாத்திரம் இப்போ பளபளன்னு இருக்கு.

போன வாரம் எதிர்வீட்டுக்காரர் மறுபடியும் கேட்டை மறிச்சு வண்டியை விட்டாரு. உங்கப்பா எழுந்து கேட் வரைக்கும் போனாரு. அங்கேயே கொஞ்சம் நின்னாரு, திரும்பி வந்து முகத்தைக் கழுவினாரு, அப்புறம் போய் பெல் அடிச்சு, சார் வண்டியைக் கொஞ்சம் எடுக்கறீங்களான்னு கேட்டாரு. அந்த மனுஷனும் பேசாம எடுத்துட்டாரு. உள்ள வந்து, இன்னும் நடுங்கிக்கிட்டிருந்த கையை என்கிட்ட நீட்டிக் காட்டினாரு. இத்தனை வருஷத்துல அவரு கோவத்தை என்கிட்ட காட்டியிருக்காரு, அதை அடக்கினதைக் காட்டினது அன்னிக்குத்தான்.

நீ பயப்படறது தப்புன்னு நான் சொல்லலை. அஞ்சு வயசுப் பிள்ளை கண்ணுல அதெல்லாம் படக்கூடாது, அதுல நான் உன் கட்சி, பேத்தி இங்க இருக்கற வரைக்கும் மெஷின் மாடியில பேக்கரித் தம்பி ரூம்லயே கிடக்கும், கதவும் சாத்தியிருக்கும். ஆனா அந்தத் தம்பியைக் காலி பண்ணச் சொல்லுன்னியே, அது மட்டும் என்னால முடியாது. அன்னிக்கு தெருவே வேடிக்கை பார்த்துச்சு, உங்கப்பாவைக் கட்டிப் பிடிச்சு நிறுத்தினவன் அவன் ஒருத்தன்தான்.

நீங்க மூணு பேரும் நோய்நொடி இல்லாம, சிரிச்ச முகமா இருக்கணும்னு ரெண்டு பேரும் மனசார வாழ்த்தறோம். பேத்திக்கு கார் சீட் நான் வாங்கிட்டேன், அங்கேருந்து தூக்கிட்டு வராதே. உங்கப்பா உன்னைப் பத்தி ஒண்ணும் கேக்கறதில்லை, போன் அடிச்சா மட்டும் டிவி சத்தத்தைக் குறைச்சுடறாரு. டிக்கெட் போட்டதும் என்கிட்ட சொல்லாதே, அவருக்கே போன் பண்ணிச் சொல்லிடு.

உன் வரவைப் பார்த்துக்கிட்டிருக்கற,
அம்மா