பெட்டி சொன்ன கடைசி இடம்

ஜனவரி 7, செவ்வாய்

வைத்திக்குப்பத்திலிருந்து பதினொரு பெட்டிகள் திரும்பி வந்தன. நெத்திலிக் கூடையில் போட்டு அனுப்பியிருந்தார்கள். இப்போது கம்ப்யூட்டர், திரைச்சீலை, நான் எல்லாம் நெத்திலி நாற்றம். படகு இருக்கும் இடத்தை செல்போன் டவர் வழியாகக் கரைக்குச் சொல்ல வேண்டிய பெட்டி இது. பேட்டரி ஆறு மாதம் வரும் என்று ஊர்க்கூட்டத்தில் மைக் பிடித்துச் சொன்னவன் அடியேன் நெல்சன். பன்னிரண்டு நாள் வந்தது. பெங்களூர் மோடம் கம்பெனி என்னை ஐம்பத்தோரு வயதில் வீட்டுக்கு அனுப்பியபோதுகூட நான் இப்படி நாறவில்லை.

கலையரசி மட்டும் பெட்டியைத் திருப்பித் தரவில்லை. அவள் புருஷன் விமல்ராஜ் கடலுக்குப் போனால், மீன் விற்கிற இடத்தில் போனை மடியில் வைத்துக்கொண்டு, மேப்பில் படகு இருக்கும் இடத்தைக் காட்டும் பொட்டைப் பார்க்கிறாள். "அது தெரிஞ்சாதாண்ணே எனக்குச் சோறு எறங்குது" என்றாள்.

அவளுக்குப் போன வாரம்தான் புதுப் பேட்டரி போட்டேன். அதுவும் சாகப்போகிறது. சொல்லியிருக்கலாம். தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜனவரி 9

பெட்டியும் டவரும் பேசிக்கொண்டதைப் பதிவெடுத்துப் படித்தேன். வெட்கக்கேடு. சொல்ல வேண்டிய சேதி ஒரே வரி: படகு இன்ன இடம். அதற்கு முன்னால், நான் இன்னார், என் சிம் இது, நம்புகிறாயா, சாவி கொடு, வழி கொடு. ஒவ்வொன்றுக்கும் டவர் பதில் சொல்ல, பெட்டி பதிலுக்குப் பதில் சொல்ல... சேதி முடிந்த பிறகாவது தூங்குகிறதா? இன்னும் ஏதாவது இருக்குமோ என்று டவர் இருபது விநாடி லைனைத் திறந்து வைக்கிறது. பெட்டியும் கண் கொட்டாமல் காத்திருக்கிறது. பேட்டரியில் முக்கால்வாசி இந்த உபசாரத்துக்கே போகிறது.

ரூபியிடம் சொன்னேன். என் மனைவி, பள்ளியில் பிரெஞ்சு டீச்சர். "போய்ட்டு வரேன்னு வாசல் கேட்டுல நின்னு முக்கா மணி நேரம் பேசற ஆளு செஞ்ச பெட்டி, வேற எப்படி இருக்கும்?"

ஜனவரி 10

இன்றைக்கு அதைவிடப் பெரிய அவமானம். 'நகர்ந்தால் சொல்' என்று பெட்டிக்கு எழுதி வைத்திருந்தேன். சோதித்தது என் ஸ்கூட்டர் டிக்கியில், கடற்கரைச் சாலையிலிருந்து கோரிமேடு வரை. ஸ்கூட்டர் நிறுத்தினால் நிற்கும். வலை விட்டுக் காத்திருக்கும் படகு? அலைக்கு ஆடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பெட்டி முழித்து, நான் இன்னார் என்று ஆதியாகமத்திலிருந்து ஆரம்பிக்கிறது. கடலிலிருந்து நாலு தெரு தள்ளிப் பிறந்தவனுக்கு இது தெரியவில்லை. விமல்ராஜ் பெட்டியைத் திங்கட்கிழமை வாங்கிவந்து சரிசெய்ய வேண்டும்.

ஜனவரி 12, ஞாயிறு

விமல்ராஜ் திரும்பவில்லை.

மதியம் கலையரசி போன் செய்தாள். "பொட்டு ஒரே எடத்துல நிக்குதுண்ணே. வலை விட்டுருக்காரு போல." பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பார்க்காமலே "ஆமாம்மா" என்றேன்.

கை கழுவிவிட்டுப் பார்த்தால், கடைசிச் சேதி காலை 6.42. அதோடு பேட்டரி செத்துவிட்டது. போனில் பொட்டு மட்டும் நிற்கிறது. பக்கத்தில் நேரம் போட்டால் ஏன் பழசு என்று சண்டைக்கு வருவார்கள் என்று நேரத்தை எடுத்துவிட்ட புத்திசாலியும் நான்தான்.

நாலு மணிக்கு மூன்று படகுகள் பொட்டைத் தேடிப் போயின. அங்கே வெறும் தண்ணீர். நான் கரையில் எல்லோரோடும் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. நாள் முழுக்கத் திறந்தே இருக்கிற வாய் இது.

ஜனவரி 13

இன்று காலை விமல்ராஜின் அப்பா வைத்திலிங்கத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். அந்தப் பொட்டு நேற்றுக் காலை 6.42-இன் பொட்டு. இன்ஜின் நின்றிருந்தால் வாடைக் காற்று தெற்கே தள்ளியிருக்கும் என்று. அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. "அப்ப நேத்து சாயங்காலம் பூரா தப்பான எடத்துலயா தேடுனோம்?" அவ்வளவுதான் கேட்டாரு. நான் என்னான்னு சொல்றது. பிரியாணி தின்னுகிட்டிருந்தேன்னா? அய்யோ, நேத்தே சொல்லியிருந்தா —

படகுகள் இப்போது தெற்கே போகின்றன.

ஜனவரி 14

பொங்கல். அவர்கள் தெருவில் யாரும் பானை ஏற்றவில்லை. மாதாவே, பேட்டரி கேட்கவில்லை. ஆளைக் கொடு.

ஜனவரி 15

கிடைத்துவிட்டான். தெற்கே பரங்கிப்பேட்டைக்கு நேரே கடலிலிருந்து ஒரு விசைப்படகு இழுத்து வந்திருக்கிறது. உயிர் இருக்கிறது, உதடு வெடித்து, பேச்சில்லாமல்.

கோரிமேடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கலையரசி என்னை வராண்டாவுக்குக் கூட்டிவந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"செத்த பொட்டப் பாத்துகினு நான் சோறு தின்னுருக்கேண்ணே."



பிப்ரவரி 3

இருபது நாளாக மனிதரோடு பேசவில்லை, டவரோடுதான். சிம் கம்பெனியில் ஒரு அனுமதிக்குப் பதினாறு முறை போன். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து நான் இன்னார், என் நம்பர் இது. பெட்டி பட்ட பாடு அப்போதுதான் புரிந்தது.

இனி ஆட்டத்துக்கு முழிக்காது. அரை மணிக்கொருமுறை ஒரே சேதி. முதலில் செய்த அறிமுகத்தை டவர் ஞாபகம் வைத்துக்கொள்ளும். சேதியோடு சேர்த்தே 'இவ்வளவுதான், வேறொன்றுமில்லை' என்று பெட்டி சொல்லிவிடும். டவர் உடனே லைனை மூடும். போனில் பொட்டின் மேல் நேரம், பெரிய எழுத்தில். ஒரு மணி நேரம் சேதி வராவிட்டால் பொட்டு கறுத்துவிடும்.

பேட்டரி ஐந்து மாதம் வரும் போல இருக்கிறது. யாரிடமும் சொல்லப்போவதில்லை.

பிப்ரவரி 9

சரிசெய்த பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கலையரசி வாங்கி டிவி மேல் வைத்தாள். "அவரு இப்பக் கடலுக்குப் போறதில்ல. ஐஸ் கம்பெனிக்குப் போறாரு" என்றாள். உள்ளே விமல்ராஜ் இருந்தான். எழுந்து வரவில்லை.

பிப்ரவரி 24

வீடு. வீடு. வீடு. ஒரு நாளைக்கு நாற்பத்தெட்டு முறை, டிவி மேலிருந்து. பேட்டரி தொண்ணூறு சதவீதம். என் வாழ்நாளிலேயே உருப்படியாகச் செய்த ஒரே பொருள், சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

காலை 5.00, வீடு. 5.30, மணல். 6.00, கடல். 6.30, கடல், இன்னும் கிழக்கே. 7.00, அதே இடம், வலை விட்டிருப்பான்.

"அப்படி என்னத்தப் பாக்குறீங்க?" என்றாள் ரூபி. ஒன்றுமில்லை என்றேன். சட்னியில் உப்பில்லை. அதையும் சொல்லவில்லை.

7.30, கடல்.