சுவரில் பூத்த தோப்பு

மாசி 3, சனி

கடும் பனி. ஸ்ரீரங்கத்தில் எதிர்வீடு தெரியவில்லை. மாம்பூவுக்கு ஆகாது. ஆறரை பஸ்ஸில் புத்தூர் ஆஸ்பத்திரி. எடுத்துப் போனது: பிளாஸ்க், அவர் துண்டு இரண்டு, எனக்கு வெற்றிலை.

அவர் ஐ.சி.யூ.வில் ஐந்தாம் நாள். காலை பத்து நிமிஷம், சாயந்திரம் பத்து நிமிஷம், ஒரு ஆள்தான் உள்ளே. மீதி நேரம் வெளியே நாற்காலி. எதிர்ச் சுவரில் பெரிய படம். ஏதோ பழத்தோப்பு, மரமெல்லாம் வெள்ளையும் ரோஸுமாகப் பூ. கிட்டப் போனால் வெறும் சாயத் தீற்றல். நாலடி தள்ளி வந்தால் மரம்.

அஞ்சாங்கிளாஸோடு நின்றவள்தான் நான். ஆனால் பூவைப் பார்த்தே காய்க் கணக்கு சொல்வேன். காந்தி மார்க்கெட் மாங்காய் மண்டியில் கேட்டால் தெரியும். மாசி பிறந்தால் அவர் தோப்புத் தோப்பாகப் போய்ப் பூவிலேயே குத்தகை பேசுவார். நான் தலையாட்டாமல் பேச்சு முடியாது.

இந்த மாசியில் ஒன்றும் பார்க்கவில்லை. சாயந்திரம் அதையே கேட்டார், மூச்சு வாங்க. "பூ எப்படி இருக்கு?"

"லால்குடி பக்கம் ஒரு தோப்பு பாத்தேங்க. இலையே தெரியல, அவ்வளவு பூ."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. படத்தைத்தான் சொன்னேன். சிரித்தார். ஐந்து நாளில் முதல் சிரிப்பு.

மாசி 4, ஞாயிறு

படத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். இன்னும் கேட்பார் என்று.

கேட்டார். எத்தனை வரிசை? ஏழு. பூ கருகியிருக்கா? இல்லை.

"யாரும் பேசிட்டாங்களா?"

"இன்னும் இல்லைங்க."

"விட்டுராத. வீட்டுக்கு வந்ததும் மொத வேலை அதான்."

நர்ஸ் சொன்னது: "தாத்தா இன்னைக்கு ரெண்டு இட்லி முழுசா சாப்பிட்டாங்க பாட்டி." இதற்காக இன்னும் நூறு தோப்பு சொல்லலாம்.

மாசி 6, செவ்வாய்

எனக்குக் கால் வீக்கம். துணைக்குக் கயல் வந்தாள். மகன் வயிற்றுப் பேத்தி, பி.எஸ்சி. இரண்டாம் வருஷம், எங்கள் குடும்பத்தில் முதல் காலேஜ். படத்தின் கீழே இருந்த இங்கிலீஷைக் கடகடவென்று படித்தாள். பிரான்ஸ் தேசமாம். வரைந்தவர் செத்து நூறு வருஷமாம். மாமரமே இல்லையாம், ஆப்பிளோ பேரிக்காயோ.

காலையில் அவளை உள்ளே அனுப்பினேன். என் புத்தி.

திரும்பி வந்து சொல்கிறாள்: "அப்பாயி, நீ எந்நேரமும் இந்தப் படத்தையே பாக்குறன்னு தாத்தாட்ட போன்ல காட்டினேன்."

"என்ன சொன்னாரு?"

"கண்ணுகிட்ட வச்சுப் பாத்தாரு. வரிசைய எண்ணினாரு. போனைக் குடுத்துட்டாரு, அவ்வளவுதான்."

அவளைத் திட்டவில்லை. அவளுக்கு என்ன தெரியும்.

சாயந்திரம் நான் போனபோது கண்ணை மூடியிருந்தார். தூக்கமில்லை. இமை ஆடியது, எனக்குத் தெரியாதா. நாற்பத்தெட்டு வருஷத்தில் தோப்பு விஷயத்தில் அவரிடம் பொய் சொன்னதில்லை. பத்து நிமிஷமும் நின்றேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு. வீம்பு.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

மாசி 7, புதன்

காவேரிப் பாலத்தில் பஸ் போகும்போது மகன் போன். முடிந்துவிட்டது.

மாசி 10, சனி

இரண்டு நாள் எழுதவில்லை. வெயில் ஏறிவிட்டது. வருகிறவர்களுக்கு மருமகள் காப்பி போட்டு மாளவில்லை.

கமிஷன் கடை ராசு வந்தான். முப்பது வருஷம் அவர் கூடவே சுற்றியவன். நாற்காலி வேண்டாமென்று தரையில் உட்கார்ந்து அழுதான். பிறகு:

"அண்ணி, ஞாயித்துக்கெழமை அண்ணன் நர்ஸம்மா போன்லேருந்து கூப்பிட்டாரு. லால்குடில ஒரு தோப்பு, ஒங்க அண்ணி பாத்திருக்கா, அவ பாத்தா நான் பாக்க வேணாம், ரெடியா இருடான்னாரு."

காப்பியை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"செவ்வாக்கெழமை வெளக்கு வைக்கிற நேரம் திரும்பக் கூப்பிட்டாரு. மூச்சு வாங்குச்சு. அந்தத் தோப்பு வேணாம் ராசு, வேற ஆளு முந்திட்டான்னாரு. ஒங்க அண்ணி சரியாத்தான் பாத்தா, நான்தான் படுத்துக் கெடந்து விட்டுட்டேன், அவகிட்ட ஒண்ணும் கேட்டு வைக்காதன்னாரு. மனசு கேக்கல அண்ணி. நெசமாவே அவ்வளவு பூவா?"

"அவ்வளவு பூ" என்றேன்.